கேட்டதெல்லாம் வந்தது, வேலைதான் நடக்கவில்லை

சுழலும் இயந்திரங்களின் அதிர்வை அளந்து கோளாறைக் கண்டுபிடிக்கும் வைப்ரேஷன் அனலைசர் வந்த அன்று பெட்டியைப் பிரித்து, நாங்கள் கொடுத்திருந்த ஸ்பெக்கை, அதாவது வாங்கும் பொருளில் என்னென்ன இருக்க வேண்டும் என்ற பட்டியலை, மேசைமேல் விரித்து, ஒவ்வொரு வரியாகச் சரிபார்த்தோம். மொத்தம் 43 வரிகள். நாலு சேனல், 40 கிலோஹெர்ட்ஸ் வரை அளக்கும் திறன், 12,800 கோடுகள் ரெசல்யூஷன், வண்ணத் தொடுதிரை, எல்லாமே இருந்தன. 43 வரிக்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டோம். மறுநாள் காலை எங்கள் மூத்த ஃபிட்டர் அந்த வைப்ரேஷன் அனலைசரைத் தோளில் மாட்டிக்கொண்டு சால்வென்ட் பம்ப் ஹவுஸுக்குப் போனார். வாசலிலேயே பாதுகாப்பு அலுவலர் நிறுத்திவிட்டார்.

"இதுக்கு எக்ஸ் சான்றிதழ் இருக்கா அண்ணே?"

இல்லை. வெடிக்கும் தன்மையுள்ள ஆவி சூழும் இடத்தில் பயன்படுத்தத் தகுந்த கருவி வேண்டும் என்று 43 வரிகளில் ஒரு வரிகூடக் கிடையாது. ஸ்பெக்கில் கையெழுத்திட்ட மூன்று பேரில் நானும் ஒருவன் என்பதால், எங்கே பிசகினோம், இரண்டாம் முறை எப்படி எழுதினோம் என்பதை முழுதாகப் பதிவு செய்ய நினைக்கிறேன்.

எங்கள் ஆலையில் கண்காணிக்க வேண்டிய சுழல் இயந்திரங்கள் 62. அவற்றில் 11 சால்வென்ட் பம்புகள். அவை நின்றால் உற்பத்தி நிற்கும். அந்த 11 நிற்கும் கட்டடம் முழுவதும் ஜோன் 1, அதாவது இயல்பான ஓட்டத்திலேயே அவ்வப்போது எரியக்கூடிய ஆவி இருக்க வாய்ப்புள்ள இடம். அனலைசர் வாங்கும் பேச்சே அந்த 11 பம்புகளுக்காகத்தான் தொடங்கியது. வாங்கிய கருவியோ மற்ற 51-க்கு மட்டுமே உதவியது.

இரண்டாவது அடி

கருவியோடு சேர்த்து ஒரு சேவை ஒப்பந்தமும் போட்டிருந்தோம். மாதம் ஒருமுறை வெளியாட்கள் வந்து அளப்பார்கள், சான்றிதழ் பெற்ற ஆய்வாளர் பார்த்து 21 நாட்களுக்குள் அறிக்கை அனுப்புவார். அதிர்வு, இயந்திரத்துக்கே சேதம் விளைவிக்கும் அளவான டி மண்டலத்துக்குப் போனால் உடனே தொலைபேசியில் சொல்ல வேண்டும் என்றும் ஒரு விதி.

மூன்றாவது மாதம் குளிரூட்டு நீர் பம்பின் 55 கிலோவாட் மோட்டாரை அளந்தார்கள். 16 நாள் கழித்து, இரவு ஷிப்டில், டிரைவ் பக்கத்து பேரிங் இறுகி மோட்டார் நின்றது. ஷாஃப்டும் கெட்டது. அதற்கு மூன்று நாள் கழித்து அறிக்கை வந்தது. பதினான்காம் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள்: டிரைவ் பக்க பேரிங்கின் வெளி வளையத்தில் சேதம் தொடங்கியுள்ளது, விரைவில் மாற்றவும்.

அறிக்கை சரி. 21 நாள் கெடுவுக்குள் வந்ததால் ஒப்பந்தப்படியும் சரி. அவர்கள் மேல் ஒரு குறையும் சொல்ல முடியவில்லை. அப்படியானால் கேட்ட விதத்தில்தான் கோளாறு.

ஏன் தொலைபேசியில் சொல்லவில்லை என்று கேட்டபோது வந்த பதில் எனக்குப் பெரிய பாடம். அளந்த அன்று மொத்த அதிர்வு வினாடிக்கு 2.6 மி.மீ. இந்த அளவுள்ள மோட்டார் உறுதியான அடித்தளத்தில் நின்றால் ஐஎஸ்ஓ 10816-3 தரநிலை (2022 முதல் அதன் இடத்தில் ஐஎஸ்ஓ 20816-3) ஏ, பி, சி, டி என்ற நாலு மண்டலங்களுக்கு நடுவே தந்த எல்லைகள் 1.4, 2.8, 4.5. அந்தக் கணக்கில் 2.6 என்பது பி மண்டலம், அதாவது நீண்டகாலம் ஓடத் தகுந்த நிலை. பேரிங் சேதம் தொடக்கத்தில் இந்த வேக அளவை அவ்வளவாக அசைப்பதில்லை. வெளி வளையத்தில் உலோகம் செதிலாகப் பெயர்ந்த சிறு பொரிவின்மேல் ஒவ்வொரு குண்டும் உருளும்போது எழும் தட்டு, உயர் அதிர்வெண் முடுக்கத்தில்தான் முதலில் தெரியும். நிமிடத்துக்கு 1480 சுற்று ஓடும் மோட்டார், 8 குண்டுகள் உள்ள பேரிங் என்றால் அந்தத் தட்டு வினாடிக்கு ஏறக்குறைய 79 முறை வரும். குண்டுகளின் எண்ணிக்கையை வினாடிக்கான சுற்றால் பெருக்கி 0.4-ஆல் பெருக்கும் மனக்கணக்கு இது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு அதிர்வு என்று காட்டும் வரைபடமான ஆய்வாளரின் ஸ்பெக்ட்ரத்தில் அதன் பக்கத்திலேயே சிகரம் நின்றது. ஆனால் நாங்கள் எழுதிய எச்சரிக்கை விதி வேக அளவை மட்டுமே பார்த்தது. எந்தக் கோளாறுக்காகக் கண்காணிக்கிறோமோ அந்தக் கோளாறைக் காணாத அளவுகோலை நாங்களே தேர்ந்து எழுதிக் கொடுத்திருந்தோம்.

அந்த 43 வரிகள் எங்கிருந்து வந்தன

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கம்பெனிகளின் விளம்பரத் தாள்களை ஒட்டி உருவானது அந்த ஸ்பெக். ஒன்றில் நாலு சேனல், இன்னொன்றில் அதிக ரெசல்யூஷன், எது பெரியதோ அதை எடுத்துக்கொண்டிருக்கிறோம். யாரும் சோம்பேறித்தனமாகச் செய்யவில்லை. பெரிய எண்ணைக் கேட்டால் நல்ல பொருள் வரும் என்று உண்மையாகவே நம்பினோம். தொழிலில் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்பது என் கணிப்பு. பொருளின் பண்புகளை எழுதுவது எளிது, அச்சடித்த தாள் கையில் இருக்கிறது. நம் தேவையை எழுத வேண்டுமானால் நம் இயந்திரத்தையும் நம் ஆட்களையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான வழி ஒன்று வெகுகாலமாகவே இருக்கிறது. 1947-ல் ஜெனரல் எலக்ட்ரிக்கில் லாரன்ஸ் மைல்ஸ் மதிப்புப் பகுப்பாய்வை உருவாக்கியபோது, ஒரு பொருளின் பயனை ஒரு வினை, ஒரு பெயர் என்ற இரண்டு சொற்களில் சொல்லச் சொன்னார். 'எடையைத் தாங்கு', 'வெப்பத்தைக் கடத்து' என்பதுபோல. பிரெஞ்சுப் பொறியாளர்கள் இந்தப் பழக்கத்தை வளர்த்துத் தேவை ஆவணத்துக்கென்றே தரநிலை எழுதினார்கள். இப்போது ஐரோப்பியத் தரநிலை இஎன் 16271 அதைச் சொல்கிறது. சாரம் இதுதான்: செய்ய வேண்டிய பணியைச் சொல்லு, அதை எதைக்கொண்டு அளப்பாய் என்று சொல்லு, எந்த அளவு வேண்டும் என்று சொல்லு, அந்த அளவில் எவ்வளவு விட்டுக்கொடுப்பாய் என்றும் சொல்லு. எப்படிச் செய்வது என்பதை விற்பவரிடம் விட்டுவிடு.

அந்த நாலாவது பகுதியை, விட்டுக்கொடுக்கும் அளவை, தனியாகச் சொல்ல விரும்புகிறேன். பிரெஞ்சு வழக்கில் அதற்கு எஃப்0 முதல் எஃப்3 வரை குறி உண்டு. எஃப்0 என்றால் அணுவளவும் அசையாது. எஃப்3 என்றால் தாராளமாகப் பேசலாம். எங்கள் 43 வரிகளிலும் எல்லாமே கட்டாயம் என்று இருந்தது. அதனால் திரை அளவும் பாதுகாப்பும் ஒரே எடை பெறும் ஆவணமாக அது இருந்தது. கடைசியில் திரை அளவு உள்ளே வந்தது, பாதுகாப்பு விட்டுப்போனது.

மூன்று கேள்விகள்

இரண்டாம் முறை உட்கார்ந்தபோது மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கினோம். இந்தக் கருவியும் சேவையும் யாருக்கு உதவ வேண்டும்? எதன்மேல் வேலை செய்கிறது? எதற்காக?

முதல் கேள்விக்கே அரைநாள் போனது. நான் 'பராமரிப்புத் துறைக்கு' என்றேன். திட்டமிடுபவர் 'எனக்கு' என்றார். அதுவரை பேசாமல் இருந்த மூத்த ஃபிட்டர் சொன்னார்: "சார், எனக்கு கிராஃப் வேண்டாம். இன்னிக்கு ஓடலாமா, கூடாதா, எத்தனை நாள் ஓடும். அதைச் சொல்ற மாதிரி கேளுங்க."

அதைப் பலகையில் அப்படியே எழுதினோம். இரவு ஷிப்ட் பொறுப்பாளர் இயந்திரத்தை நிறுத்துவதா ஓட்டுவதா என்று முடிவெடுக்க வேண்டும், அந்த முடிவுக்கு வேண்டிய தகவல் கோளாறு முற்றுவதற்குள் அவர் கைக்கு வர வேண்டும். மற்ற எல்லாத் தேவையும் இதிலிருந்துதான் கிளைத்தது.

'முற்றுவதற்குள்' என்ற சொல்லுக்கு எண் கொடுக்க வேண்டியிருந்தது. நம்பகத்தன்மையை மையமாகக் கொண்ட பராமரிப்பில் இதற்குப் பி-எஃப் இடைவெளி என்று பெயர். கோளாறு கண்டறியத்தக்க நிலையிலிருந்து இயந்திரம் வேலை செய்யாமல் போகும் நிலை வரை உள்ள காலம். அந்தத் துறைக்கு அடித்தளமிட்டது யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக 1978-ல் தந்த அறிக்கை. அவர்கள் பார்த்த விமான உதிரிகளில் 11 விழுக்காடு மட்டுமே வயதோடு தேய்ந்து பழுதாகும் போக்கைக் காட்டின. மீதி 89 விழுக்காட்டுக்கு 'இத்தனை மணி நேரம் ஆனால் மாற்று' என்ற விதி உதவாது. அதனால்தான் நிலையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஆனால் எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்பதைப் பி-எஃப் இடைவெளிதான் தீர்மானிக்கும், நாட்காட்டியின் மாதம் அல்ல.

எங்கள் பழைய பதிவேடுகளில் பேரிங் பழுதான ஒன்பது சம்பவங்களைத் தேடி எடுத்தோம். முதல் சத்தம் அல்லது முதல் சூடு பதிவான நாளிலிருந்து நின்றுபோன நாள் வரை எண்ணினால், ஆறு வாரத்துக்குக் குறைவாக எதுவும் இல்லை. ஆக 42 நாள் என்று வைத்துக்கொண்டோம். பழைய ஒப்பந்தத்தை அதோடு பொருத்திப் பார்த்தபோது கூட்டத்தில் யாரும் பேசவில்லை. அளந்த கையோடு கோளாறு தொடங்கினால் அடுத்த அளவீட்டுக்கு 30 நாள், அறிக்கைக்கு 21 நாள், மொத்தம் 51. ஒப்பந்தத்தைத் துளியும் மீறாமலேயே, அறிக்கை வருவதற்கு ஒன்பது நாள் முன்பே இயந்திரம் நின்றுபோகலாம். இந்தக் கூட்டல் கணக்கை வாங்குவதற்கு முன்பே போட்டிருக்க முடியும்.

புதிய கணக்கு இப்படி வந்தது. தகவல் கிடைத்தபின் ஸ்டோர்ஸிலிருந்து பேரிங் எடுக்க, பெர்மிட் வாங்க, உற்பத்தியில் இடைவெளி பார்த்து நிறுத்த, மோட்டாரும் பம்பும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி அலைன்மெண்ட் செய்து ஓட்ட எங்களுக்கு 10 நாள் தேவை. 42-ல் 10 போனால் 32. அளவீட்டு இடைவெளி 28 நாள், தகவல் வர 2 நாள், மொத்தம் 30. இரண்டு நாள் மிச்சம். மாற்று பம்ப் இல்லாத சால்வென்ட் பம்புகளுக்கு அந்த மிச்சம் போதாது என்று அளவீட்டை 14 நாளாக்கினோம். '48 மணி நேரத்துக்குள்' என்ற தேவைக்கு எஃப்0 குறி வைத்தோம். விற்பவர் ஏன் 48 என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு கணக்கு கையில் இருந்தது.

ஒரு வரி எப்படி மாறியது

பழைய ஸ்பெக்கின் 17-ஆம் வரி: 'வண்ணத் தொடுதிரை, குறைந்தது 7 அங்குலம்.' வந்த கருவியின் திரை அழகாக இருந்தது. கையுறையோடு தொட்டால் ஏற்கவில்லை. ஃபிட்டர் ஒவ்வொரு புள்ளிக்கும் வலது கையுறையைக் கழற்றி, தொட்டு, மறுபடி மாட்ட வேண்டியிருந்தது. ஒரு பம்புக்கு 10 புள்ளிகள்: மோட்டாரிலும் பம்பிலும் தலா இரண்டு பேரிங், ஒவ்வொன்றிலும் கிடைமட்டம், செங்குத்து, அப்புறம் மோட்டாருக்கு ஒன்று பம்புக்கு ஒன்றாக அச்சுத் திசை இரண்டு. பத்து முறை கையுறையைக் கழற்றச் சொன்னால் கொஞ்ச நாளில் கையுறையே போடாமல் விட்டுவிடுவார்கள்.

இரண்டாம் முறை திரை என்ற சொல்லையே எழுதவில்லை. எழுதியது இது: 'தோல் கையுறை அணிந்த ஒருவர், நேர் வெயிலில், வேறு ஆள் உதவியின்றி, ஒரு பம்பின் 10 புள்ளிகளை 15 நிமிடத்துக்குள் அளந்து சேமிக்க வேண்டும். எந்த இயந்திரம், எந்தப் புள்ளி என்பது தவறாகப் பதிவாகக் கூடாது.' பக்கத்திலேயே சோதனை முறையும்: எங்கள் ஃபிட்டர் ஒரு மணி நேரப் பயிற்சிக்குப் பின் எங்கள் பம்பிலேயே செய்து காட்டுவார். பொத்தான் வைத்தாலும் சரி, திரை வைத்தாலும் சரி, அது செய்பவரின் சாமர்த்தியம்.

சோதித்துப் பார்க்க வழி தெரியாத எந்த வரியையும் தேவை என்று ஏற்கவில்லை. 'பயன்படுத்த எளிதாக இருக்க வேண்டும்', 'உறுதியான கட்டமைப்பு' போன்ற வரிகள் அந்த வடிகட்டலில் தாமாகவே விழுந்தன. ஜோன் 1 சான்றிதழ் பணி அல்ல, கட்டுப்பாடு. அதைத் தனிப் பட்டியலில், வாயுக் குழு, வெப்பநிலை வகுப்பு இரண்டையும் சேர்த்து எழுதினோம். வெறுமனே 'எக்ஸ் தகுதி' என்று எழுதினால் போதாது. எடுத்துக்காட்டாக டி4 வகுப்பு என்றால் மேற்பரப்பு வெப்பம் 135 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று பொருள். எந்தச் சால்வென்ட் என்று தெரிந்தால்தான் எந்த வகுப்பு வேண்டும் என்று சொல்ல முடியும்.

நாங்கள் திருத்திக்கொண்ட இடம்

இரண்டாம் ஆவணத்தின் முதல் வடிவிலும் ஒரு தவறு இருந்தது. 'சுழல் இயந்திரங்களின் எல்லாக் கோளாறுகளையும் கண்டறிய வேண்டும்' என்று எழுதிவிட்டோம். பணியாகச் சொல்லிவிட்டோம் என்ற திருப்தியில், அது நடக்கக்கூடியதா என்று பார்க்கவில்லை. ஒரு விற்பனையாளர் நேர்மையாகக் கேட்டார்: "எந்தக் கோளாறு என்று சொல்லுங்கள். மோட்டார் சுருளின் இன்சுலேஷன் பழுதாவதை அதிர்வு காட்டாது."

அதன்பின் கோளாறுகளைப் பெயர் சொல்லி எழுதினோம்: சமனின்மை, அலைன்மெண்ட் பிசகு, அடித்தளத் தளர்ச்சி, பேரிங் சேதம், பம்பில் குமிழியரிப்பு. ஒவ்வொன்றுக்கும் எங்கள் இயந்திரங்களில் எது, என்ன வேகம் என்று போட்டபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. ரியாக்டர் கலக்கிகள் நிமிடத்துக்கு 36 சுற்று, அதாவது 0.6 ஹெர்ட்ஸ். இவ்வளவு மெதுவான சுழற்சியைப் பிரித்துப் பார்க்க 0.05 ஹெர்ட்ஸ் ரெசல்யூஷன் வேண்டுமென்றால், ஒரே ஒரு மாதிரி எடுக்கவே 20 வினாடி ஆகும். அது கருவியின் குறையல்ல, இயற்பியல். சராசரிக்கு ஐந்தாறு மாதிரி எடுத்தால் ஒரு புள்ளிக்கே இரண்டு நிமிடம், கூடவே குறைந்த அதிர்வெண்ணுக்கென்று தனி சென்சார். நாலு கலக்கிகளுக்காக மொத்தத் தேவையையும் கடினமாக்குவதா? அந்த வரிக்கு எஃப்3 போட்டோம். கடைசியில் கலக்கிகளை இந்த ஒப்பந்தத்திலிருந்தே எடுத்துவிட்டு, கிரீஸ் மாதிரியும் வெப்பநிலையும் பார்க்கும் முறைக்கு மாற்றினோம். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

சேவையை எதைக்கொண்டு அளப்பது

பொருளைவிடச் சேவைக்குத் தேவை எழுதுவது கடினம். பழைய ஒப்பந்தம் ஆய்வாளரின் சான்றிதழைக் கேட்டது. ஐஎஸ்ஓ 18436-2 அதிர்வு ஆய்வாளர்களை நாலு நிலைகளாகப் பிரிக்கிறது. நாங்கள் இரண்டாம் நிலை கேட்டோம், வந்தவரும் அந்த நிலையில்தான் இருந்தார். சான்றிதழ் ஆளின் தகுதியைச் சொல்லும், எங்கள் மோட்டார் காப்பாற்றப்பட்டதா என்று சொல்லாது. அதைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்துவிட்டு, விளைவை அளக்க இரண்டு எண்ணிக்கைகள் போட்டோம்: அவர்கள் சொல்லித் திறந்த இயந்திரங்களில் எத்தனையில் சொன்ன சேதம் இருந்தது, அவர்கள் எச்சரிக்காமல் எத்தனை பழுதாயின.

இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும். தவறவிட்டதற்கு மட்டும் அபராதம் வைத்தால், ஆய்வாளர் தன்னைக் காத்துக்கொள்ளச் சந்தேகம் வந்த எல்லாவற்றையும் மாற்றச் சொல்வார். நல்ல பேரிங்கைக் கழற்றி மாட்டுவதும் ஆபத்துதான், மாட்டும்போது புதுக் கோளாறு புகுந்துவிடும். இதற்குத் தோதாகத் திறந்து பார்த்த பேரிங்கின் படத்தை மூன்று நாளுக்குள் ஆய்வாளருக்கு அனுப்புவது எங்கள் கடமை என்றும் எழுதினோம். ஒப்பந்தத்தில் வாங்குபவரின் கடமைகளும் எழுதப்பட வேண்டும். நாங்கள் இயந்திரத்தை அளக்க விடாமல் நிறுத்தி வைத்தால் 28 நாள் கணக்கு யார் பொறுப்பு?

இன்னொன்று அளவீட்டுத் தரவு. முதல் ஒப்பந்தத்தில் எல்லாம் அவர்கள் மென்பொருளிலேயே இருந்தது, ஒப்பந்தம் முடிந்தால் எங்கள் இயந்திரங்களின் வரலாறும் போயிருக்கும். 'ஒவ்வொரு அளவீட்டின் மூல அலைவடிவமும், வேறு மென்பொருளில் திறக்கக்கூடிய வடிவில், எங்களிடம் இருக்க வேண்டும்' என்பது எஃப்0 ஆயிற்று.

தேர்வுக்கு முன் ஒரு குருட்டுச் சோதனை வைத்தோம். ஒர்க்‌ஷாப்பின் சோதனை மோட்டாரில் வெவ்வேறு நாளில் மூன்று பேரிங்குகளை மாட்டினோம்: ஒன்று புதியது, ஒன்று வெளி வளையம் பொரிந்தது, ஒன்று உள் வளையம் பொரிந்தது. எது எது என்று, போட்டியிட்ட விற்பனையாளர்களின் குழுக்களுக்குச் சொல்லவில்லை. அளந்து 48 மணி நேரத்துக்குள் சொல்லச் சொன்னோம். மூன்று குழுக்களில் இரண்டு சரியாகச் சொன்னார்கள். மற்றொன்று புதிய பேரிங்கையும் மாற்றச் சொன்னது. அந்த இரண்டில் ஒன்று கையுறைச் சோதனையில் 22 நிமிடம் எடுத்தது.

எஞ்சியதைத் தேர்ந்தோம். இரண்டே சேனல், பழைய கருவியைவிடக் குறைந்த ரெசல்யூஷன். 43 வரிகளோடு ஒப்பிட்டிருந்தால் முதல் பக்கத்திலேயே தள்ளுபடியாகியிருக்கும். இப்போதைய ஆவணத்தில் 14 பணிகளும் 6 கட்டுப்பாடுகளும் உள்ளன.

பத்து மாதம் கழித்து

ஏழாவது மாதம் சால்வென்ட் பம்ப் ஒன்றை அளந்த மறுநாள் காலை ஆய்வாளர் அழைத்தார். வேக அளவு இயல்பாகத்தான் இருந்தது, உயர் அதிர்வெண்ணில் மட்டும் மாற்றம். எட்டாவது நாள் நிறுத்தித் திறந்தோம். பேரிங்கைத் துடைத்து வெளிச்சத்தில் திருப்பியபோது வெளி வளையத்தின் ஓடுபாதையில் சுண்டுவிரல் நகத்தில் பாதி அளவுக்குச் செதில் பெயர்ந்திருந்தது. ஷாஃப்ட் பத்திரமாக இருந்தது. மூத்த ஃபிட்டர் அதைக் கைக்குட்டையில் சுற்றி இரவு ஷிப்ட் பொறுப்பாளரிடம் காட்ட எடுத்துப் போனார்.

தவறியதும் ஒன்று உண்டு. ஒரு பம்பை மோட்டாரோடு இணைக்கும் கப்பிளிங்கின் ரப்பர், அளந்து ஐந்து நாளில் கிழிந்து பம்ப் நின்றது. ஆய்வாளரின் தவறில்லை என்று பதிந்தோம். ரப்பர் கிழியத் தொடங்கி முற்றும் காலம் 14 நாள் இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. எங்கள் 42 நாள் பேரிங்குக்கு எண்ணியது, கப்பிளிங்குக்கு அதைப் பொருத்தியதுதான் பிழை. கப்பிளிங்கை மூடும் காப்பு மூடியான கார்டுக்கு அடியில் கறுப்பு ரப்பர் தூள் இரண்டு நாள் முன்பே கிடந்ததைப் பெருக்குபவர் பார்த்திருக்கிறார், யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. இப்போது ஒவ்வொரு ஷிப்டின் சுற்றுப் பட்டியலிலும் கார்டுக்கு அடியில் பார்க்கும் வரி சேர்ந்திருக்கிறது. தூள் கண்டால் யாருக்கு, எவ்வளவு நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பெருக்குபவரையும் வைத்துக்கொண்டு இந்த வாரம் எழுதிக்கொண்டிருக்கிறோம்.